முனியன் முறையில் வலை போட்ட கதாநாயகன்

இருசம்மாளின் ஐந்து நாவல்களிலும் அட்டையில் ஆசிரியர் பெயர் ஒரே மாதிரி இருக்கிறது: ‘இருசம்மாள், க/பெ துளசிங்கம்’. கைபேசியில் கதை எழுதும் செயலியில் முதன்முதலாகப் பதிவு செய்தபோது ‘பெயர்’ என்று கேட்டிருந்தது. அதுவரை அவர் நிரப்பியதெல்லாம் ரேஷன் கார்டு, வெள்ள நிவாரணம், மீன்பிடித் தடைக்கால உதவி போன்ற விண்ணப்பங்கள்தான். அந்தப் பழக்கத்திலேயே நிரப்பினார். கதவு எண்ணையும் சேர்த்திருப்பார், இடம் போதவில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிய வந்தபோது பதினோராயிரம் பேர் அந்தப் பெயரைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வயது நாற்பத்தேழு. படிப்பு ஒன்பதாம் வகுப்பு. வீடு பழவேற்காட்டுப் பாலம் தாண்டிய குப்பம் ஒன்றில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில். செயலியில் ஒரு கதை முடிந்ததும் பொன்னேரியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கொடுத்துப் புத்தகமாக்கிவிடுவார். பதிப்பாளரும் அவரே, பார்சல் கட்டுகிறவரும் அவரே. மழைக்காலத்தில் விற்காத பிரதிகள் அரிசி டிரம்முக்குள் இருக்கும்.

எழுதும் இடம் சமையலறை. எழுதும் நேரம் குழம்பு கொதிக்கும் நேரம். கைபேசியை மசாலா டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு, மீன் அரிந்தபடியே வாயால் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்ளும். மடவை மீன் குழம்பு என்றால் அத்தியாயம் சின்னது. நண்டு என்றால் நீளம். ஒருமுறை காதலர்கள் முதன்முதலாகக் கைகோக்கும் இடத்தில் ‘ஏய் சனியனே, வாய எடு, அது நாளைக்குக் கொழம்புக்கு’ என்று ஒரு வரி புகுந்துவிட்டது. அது பூனைக்குச் சொன்னது. இருசம்மாள் கவனிக்கவில்லை. வாசகர்கள் கவனித்து, அந்த வரிக்கு மட்டும் நானூறு இதயம் போட்டார்கள்.

அவருக்கு வேறு இரண்டு பைத்தியங்கள் உண்டு. ஒன்று, பழைய கல்யாணப் பத்திரிகை சேர்ப்பது. கதாபாத்திரங்களுக்குப் பெயர் அதிலிருந்துதான் வருகிறது. இன்னொன்று, பொன்னேரிக்குப் போனால் கோர்ட் வாசல் டீக்கடையில் இரண்டு பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிடுவது. வழக்குக்கு வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து பேசுவதைக் கேட்டால் ஆறு மாதத்துக்குக் கதை கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

கதை எதுவானாலும் நடுவில் யாராவது சமைப்பார்கள். கொலை நடந்த வீட்டில்கூட மறுநாள் இறால் தொக்கு உண்டு. அம்பத்தூரில் வங்கி வேலை பார்க்கும் வினோதினி என்ற வாசகி, “உங்க கையால அந்தத் தொக்கு சாப்பிடணும்” என்று ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார். போன தீபாவளி முடிந்த நாலாம் நாள் இரண்டு தோழிகளோடு வந்தே விட்டார். நாலு நாளாக மழை. கணவர் துளசிங்கம் எப்படியோ ஒரு கூடை இறாலோடு காலையில் வந்து சேர்ந்தார். மார்க்கெட்டில் வாங்கியதாகச் சொன்னார். மூன்று பெண்களும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள், வினோதினி விரலைக்கூடச் சப்பினார். எழுத்தாளருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்த இரண்டு வாரத்தில், அப்போது எழுதிக்கொண்டிருந்த ‘முகத்துவாரத்தில் ஒரு கல்யாணம்’ நாவலுக்கு இருபத்து மூன்றாம் அத்தியாயம் வந்தது. கதாநாயகன் வேலன், காதலி ஆசைப்பட்டாள் என்பதற்காக விடியுமுன் ஏரிக்குப் போய், இன்னொருவர் முறையில் வலை போட்டு இறால் கொண்டுவருகிறான். அதைச் சாப்பிட்ட பிறகுதான் பெண்ணின் அப்பா கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறார். நாள் எழுத வேண்டியிருந்த இடத்தில், மனதில் பளிச்சென்று நின்ற நாளையே எழுதினார்: தீபாவளி முடிந்த நாலாம் நாள். மலேசியாவிலிருந்து ஒரு பெண் அழுதுவிட்டதாக எழுதினார்.

குப்பத்தில் யாரும் அழவில்லை. யார் முறை அது என்று கேட்டார்கள்.

ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது. ஊரே சீட்டுக் குலுக்கி முறை போட்டுக்கொள்ளும். பாடு என்பார்கள். ஒருவர் முறையன்று அங்கே அவர் வலைதான் இறங்கும். பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடியவனுக்கு மறுவருடம் விருந்து வைக்கிற ஊர் அது. முறை தப்பி வலை போட்டவனுக்கோ டீகூடக் கிடைக்காது, அவனுடைய அடுத்த முறையும் போய்விடும்.

தீபாவளி முடிந்த நாலாம் நாள் முறை முனியனுடையது. அவர் மனைவி ஜமுனா, இறால் தரம் பிரிக்கும் பெண்களுக்கு அத்தியாயங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறவர். இருபத்து மூன்றைப் படித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, கைபேசியோடு வீட்டுக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முன்னால் ஊர்க் கூட்டம் போட்டார்கள்.

ஊர்த் தலைவர் பெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அத்தியாயத்தை முழுக்கப் படித்தார். காதல் வசனங்களையும் விடவில்லை.

“இன்னாமா இருசம்மா, யாரு இந்த வேலன்?”

“கதாநாயகன், அண்ணா.”

“அது தெரியுது. யாரு ஊட்டுப் புள்ள?”

“எந்த ஊட்டுப் புள்ளயும் இல்ல. நானா கட்டுனது.”

“நீ கட்டுனியோ அவிழ்த்தியோ. அன்னிக்கு முறை முனியனுது. இன்னாடா கெடச்சிது உனக்கு?”

முனியன் எழுந்து நின்றார். “ரெண்டு கெளுத்தி. ஒரு செருப்பு.”

“ஜோடியா?” என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

“ஒத்த செருப்பு! நக்கல் வேணாம், சொல்லிட்டேன். முன்னாடியே எவனோ வாரிக்கினு பூட்டான்னு அன்னிக்கே சொன்னேன். நம்புனீங்களா? இப்ப புஸ்தகத்துலயே வந்துட்சி!”

பெருமாள் கையை உயர்த்தினார். “இரு. நான் ஒண்ணு கேக்கறேன். வேலன் படகு தள்ற கோல்ல பழம் புடவையச் சுத்திக்கினு போனான்னு எழுதிக்கிற. பலகைல கோலு பட்டா சத்தம் வராம இருக்க. நாப்பது வருசமா ஏரிக்குப் போறேன், எனக்கே அது தெரியாது. நேத்து சுத்திப் பாத்தேன். சத்தமே இல்ல! கண்ணால பாக்காம ஒருத்தரு இத எழுத முடியுமா?”

இருசம்மாளுக்கு முதலில் வந்தது பயமல்ல, பெருமை. ஐந்து புத்தகத்துக்கும் இப்படி ஒரு விமர்சனம் வந்ததில்லை. சிரமப்பட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

“சூடா இருக்கற சட்டிய துணி புடிச்சி எறக்குனேண்ணா. சத்தம் வரல. அதான் எழுதுனேன்.”

“சட்டியும் படகும் ஒண்ணா?” என்றார் பெருமாள். கூட்டமும் அந்தச் சட்டி விளக்கத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

தீர்ப்பு இதுதான். ஆள் யார் என்று சொல்ல வேண்டும். யாரும் இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். இரண்டும் முடியாதென்றால் துளசிங்கத்தின் கார்த்திகை முறை முனியனுக்குப் போய்விடும். பதில் சொல்ல ஒரு வாரம்.

மழைத் தண்ணீரில் முகத்துவாரம் திறந்து இறால் ஓடுகிற கார்த்திகையில் துளசிங்கத்துக்கு விழுந்திருந்தது அந்த ஒரே முறைதான். வலையின் கிழிசலிலிருந்து, ஒழுகும் சமையலறைக் கூரை வரை எல்லாம் அந்த நாளுக்காகக் காத்திருந்தன. இன்னொரு பக்கம், அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் நாவலில் கல்யாணமே கிடையாது. அதுவும் அவர் எழுதியதிலேயே நல்ல அத்தியாயம். பெருமாளே சொல்லிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் துளசிங்கம் வாயைத் திறக்கவில்லை. சாதாரணமாக அவர் பேச்சை நிறுத்தவே ஆள் வேண்டும். ஏரிக்கரைக்கு வந்ததும் அடித் தொண்டையில் கேட்டார்.

“இருசு, நெசமா உனக்கு யாரும் சொல்லலியா?”

“இன்னா சொல்லல?”

“அதான், கோல்ல துணி சுத்துன மேட்டரு.”

இருசம்மாள் நின்றுவிட்டார். தீபாவளிக்கு மறுவாரம் ஒரு பழைய பச்சைப் புடவையை வீடெல்லாம் தேடியிருந்தார்.

“என் பச்சப் புடவ எங்கயா?”

துளசிங்கம் ஏரியைப் பார்த்தார்.

“மார்க்கெட்ல வாங்கியாந்தேன்னு சொன்னியே!”

“மழைல மார்க்கெட்ல இன்னா கெடந்துச்சி? ஐஸ் கட்டிதான் கெடந்துச்சி. மூணு பேரு உன் கையால துன்னணும்னு அம்பத்தூர்லேர்ந்து வராங்க. நீ உலகம் பூரா இறால் தொக்கு, இறால் தொக்குனு எழுதி வெச்சிக்கிற. வந்தவங்களுக்குக் கத்திரிக்காயா போட முடியும்?”

வினோதினி விரலைச் சப்பியதை இருசம்மாள் நினைத்துப் பார்த்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் இந்த மனிதர் தன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது அதற்காகத் திருடியே விட்டார். அணைப்பதா அறைவதா என்று தெரியாமல் கொஞ்ச தூரம் நடந்தார்.

“போயி சொல்லிடு.”

“சொன்னா அப்புறம் தலை நிமிந்து நடக்க முடியாது. அந்தப் பக்கத்த எடுத்துடு இருசு. பேஜார் வுட்டுது. முறையும் நம்மகிட்ட இருக்கும்.”

“முனியனுக்கு?”

“அவனுக்குத்தான் ரெண்டு கெளுத்தி கெடச்சிதே.”

அந்த வாரம் முழுக்க வீட்டில் கத்திரிக்காய்தான். திங்கள் கத்திரிக்காய்க் குழம்பு, செவ்வாய் கத்திரிக்காய்ப் பொரியல், புதன் சுட்ட கத்திரிக்காய். இருசம்மாள் ஒரு வரியும் எழுதவில்லை. மசாலா டப்பாமேல் கைபேசி சும்மா சாய்ந்திருந்தது. அத்தியாயத்தை நீக்கும் இடத்தை இரண்டு முறை தொட்டார். ‘நிச்சயமாகவா?’ என்று அது கேட்டது. இரண்டு முறையும் ‘இல்லை’ என்று அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்றார்.

“ஒரு எழுத்துகூட எடுக்க மாட்டேண்ணா. பேரும் சொல்றதுக்கில்ல. எங்க முறைய முனியனுக்குக் குடுத்துடுங்க.”

பெருமாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“கார்த்திகை முறைமா இது. யோசிச்சிதான் சொல்றியா? ஒரு கதைக்காகவா?”

“எழுதிட்டேண்ணா. எழுதுனது எழுதுனதுதான்.”

துளசிங்கம் தரையில் எறும்பு எண்ணிக்கொண்டிருந்தார். பெருமாள் போய் அவர் தோளைத் தட்டினார். “மச்சான், உன் சம்சாரம் சாதாரண ஆளு இல்லடா. முறையே போனாலும் போவட்டும்னு நிக்குது பாரு. நீயும் ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல. நீ பெரிய மனுசன்டா!” அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து துளசிங்கத்தின் கையைக் குலுக்கினார்கள். முனியன் இரண்டு கையாலும் குலுக்கினார். இருசம்மாள் தள்ளி நின்று, ஒரு முகத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கார்த்திகை நாளில் ஏரி அள்ளிக் கொடுத்தது. முனியன் வலையை இழுக்க இன்னொரு ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது என்று ஊர் பேசியது. மத்தியானம் அவரே கூடையோடு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

“அக்கா, மனசு கேக்கல. உங்க முறைல வந்த சரக்கு. இத வெச்சிக்கோங்க.”

“உள்ள வா தம்பி. துன்னுட்டுத்தான் போவணும்.”

இருசம்மாள் இறாலை உரித்து, நரம்பெடுத்து, மஞ்சள் போட்டுக் கழுவினார். சட்டியில் நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், நசுக்கிய பூண்டு, தக்காளி. எண்ணெய் பிரிந்த பிறகு மிளகாய்த் தூள். இறாலைக் கடைசியில்தான் போட்டார். முதலில் போட்டால் ரப்பராகிவிடும் என்று நாலு நாவலில் எழுதியிருக்கிறார்.

இரண்டு தட்டு வைத்தார். முனியன் பிசைந்து பிசைந்து சாப்பிட்டார். துளசிங்கம் சோற்றைத் தட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“ஷோக்கா கீதுக்கா. மாமா, நீ இன்னா கோழி மாதிரி கிளறிக்கினு இருக்க?” என்றார் முனியன். “இப்ப எனக்கு வேலன் மேல கோவம் இல்ல, தெரியுமா? பாவம், ஆசப்பட்ட பொண்ணுக்காகத்தான பண்ணான். ஆனா ஒண்ணு. வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வாரிக் குடுத்திருப்பேன். கேக்காம பூட்டான் பாரு, அதான் வயிறு எரிஞ்சிது.”

இருசம்மாள் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டார்.

“ஏன்க்கா, அடுத்த அத்தியாயத்துல மாட்டுவானா அவன்? ஜமுனா கேக்கச் சொன்னா.”

இருசம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் துளசிங்கம் பேசினார்.

“மாட்ட மாட்டான். அவனே போயி சொல்லிடுவான்.”

“யாராண்ட? ஊர்லயா?”

“மொதல்ல முறைக்காரன்கிட்ட. அப்புறம் ஊர்ல.”

“எப்போ மாமா?”

“நீ துன்னு மொதல்ல.”

முனியன் தட்டை நீட்டினார். இருசம்மாள் தொக்கு வைத்தார். ஒரு கரண்டி. கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒரு கரண்டி.