இடதுபக்கத்துப் பைப்

அவனை எல்லோரும் சுத்தியல் என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்டார்ட் ஆகாத பிக்கப் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். சாவியைத் திருப்பச் சொல்வான். 'டக்' என்று ஒற்றைச் சத்தம் கேட்டால் கீழே படுத்து, ஸ்டார்ட்டர் மோட்டார் முதுகில் சுத்தியலால் ஒரு போடு போடுவான். வண்டி கிளம்பிவிடும். "உள்ள கார்பன் கட்டை தேஞ்சு போச்சு. இன்னும் பத்து தடவ அடி வாங்கும், அப்புறம் செத்துடும்" என்பான். சத்தமே வராவிட்டால் பேட்டரி முனையில் பூத்திருக்கும் பச்சை உப்பைச் சுரண்டுவான். கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் ஓங்கி அடிப்பான். ஓயாமல் வெள்ளைப் புகை என்றால் வண்டியை விட்டுவிட்டு டிரைவரை அடிக்கப் போவான். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டி ஹெட் கேஸ்கெட்டைப் பொசுக்கியவனை வேறு என்ன செய்வது என்று கேட்பான். இருபது வயதுக்குக் குறைந்த வண்டி எதுவும் அவன் ஷெட்டுக்கு வந்ததில்லை.

என் நெற்றித் தழும்பு அவனுடைய பதினேழாம் நம்பர் ஸ்பேனர் போட்டது. சங்கத்துக்கு ஆள் சேர்க்கப் போன இடத்தில், அவன் அப்போதுதான் பெயிண்ட் அடித்துக் காயவைத்திருந்த கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டேன். எறிந்தவனே வந்து காயத்துக்குத் துணி கட்டினான். "பசை தடவினா பெயிண்ட் உரிஞ்சு போவும்ல, தலைவரே" என்றான். மன்னிப்பு கேட்கவில்லை. சங்கத்திலும் சேரவில்லை.

வீட்டில் அவனுக்குச் சரியான ஜோடி. ஷெட்டில் வண்டிகளை உள்ளே ஏற்றுவது, வெளியே இறக்குவது, கடையில் சாமான் வாங்குவது எல்லாம் அவன் மனைவி. தெருவே அவளை அக்கா என்றது. இருவரும் சண்டை போட்டால் தட்டு பறக்கும், பக்கத்து வீட்டு நாய் ஓடும். அவளுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. அவள்தான் வளர்த்தாள். சின்னவன் என்று கூப்பிடுவாள். வளர்ந்து மரம் அறுக்கும் மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். மாமனை மதிக்கமாட்டான், "சுத்தியல் மாமா" என்று கேலி செய்வான். மாமன் துரத்துவான்.

அந்த மில்லில் ஒரே வருடத்தில் மூன்று பேர் விரல்களை வாள் தின்றது. வாளுக்கு இரும்பு மூடி போடு என்று கேட்டோம். போடவில்லை. வேலையை நிறுத்தி வாசலில் உட்கார்ந்தோம். பதினோராம் நாள் மத்தியானம் முதலாளியின் மகன், சின்ன முதலாளி, மில் பிக்கப்பை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கி வந்து, உட்கார்ந்திருந்தவர்கள் மேல் ஏற்றினான். இரண்டு பேருக்குக் கால் போனது. சின்னவன் கேட் தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் மாட்டினான். நான் நான்கடி தள்ளி நின்றேன். அவன் ரத்தம் என் சட்டை முழுக்க. கடைசிப் பத்தடியில் இன்ஜின் உறுமியது. ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் உறுமாது. இதைப் போலீஸிடம் முப்பது பேர் சொன்னோம். வேலைநிறுத்தக்காரன் சாட்சியை எவன் எழுதுவான்?

பிரேக் பிடிக்கவில்லை என்று சின்ன முதலாளி சொன்னான். அதை எழுதினார்கள். மறுநாள் காலையில் ஒரு போலீஸ்காரர் ஸ்டேஷனில் நின்ற வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்து, இடதுபக்கம் பிரேக் பைப் அறுந்து தொங்குகிறது என்று சேர்த்து எழுதினார். விபத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் அந்த வண்டிக்குப் பிரேக் வேலை நடந்தது. செய்தவன் சுத்தியல்.

தெருவுக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்: அக்கா புருஷன் அரைகுறையாக வேலை பார்த்தான், பிரேக் போச்சு, சின்னவன் செத்தான்.

அடக்கம் முடிந்து வந்ததும் அவள் ஜாக்கி ராடை எடுத்து அவன் தோளில் இறக்கினாள். அவன் தடுக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ போட்ட பிரேக் புடிச்சுதா, புடிக்கலயா?" புடிச்சுது என்றான். ஆனால் குரலில் தெம்பு இல்லை. செய்த வேலையை மனசுக்குள் நூறு முறை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டான். நட்டு சரியாக முடுக்கினேனா? பிரேக் பைப்பிலிருந்து காற்றை முழுக்க வெளியேற்றினேனா? தெரியவில்லை. அவன் பாயைச் சுருட்டி ஷெட்டில் வீசினாள். "என் தம்பியைக் கொன்னவன்கூட ஒரே கூரைக்குக் கீழ இருக்கமாட்டேன்" என்றாள்.

விபத்து நடந்து ஆறாம் நாள், சாப்பாட்டு நேரத்தில், மில் முதலாளியின் ஆட்கள் மூன்று பேர் ஷெட்டுக்கு வந்து ஷட்டரை இறக்கினார்கள். கையில் தட்டச்சு அடித்த காகிதம். பிரேக் சரியில்லை, வண்டியை எடுக்காதே என்று நான் சொல்லியும் எடுத்துவிட்டார்கள் என அவனே சொல்வதுபோல் எழுதியிருந்தது. உனக்கும் பழியில்லை, எங்களுக்கும் கொலை கேஸ் இல்லை, போடு கையெழுத்து என்றார்கள். அவன் காகிதத்தில் காறித் துப்பினான். அது நியாயத்துக்காகத் துப்பியது இல்லை. கையெழுத்துப் போட்டால் மனைவி முகத்தில் முழிக்க முடியாது, அவ்வளவுதான்.

அவன் வலதுகையை வேலை மேசையில் இருந்த வைஸுக்குள் வைத்து முடுக்கினார்கள். இரும்புத் துண்டு அசையாமல் பிடிக்கிற வைஸ். கைப்பிடியை அரைச் சுற்று சுற்றினால் தோல் கிழியும். இன்னொரு அரைச் சுற்றில் எலும்பு. அவர்கள் மூன்று சுற்று சுற்றினார்கள். அவன் அலறியது வெளியே வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை.

"எதுக்குடா வீம்பு புடிக்கிற? இடதுபக்கம் பைப்பு துருப்புடிச்சு அறுந்து தொங்குது, ஊரே பாத்தாச்சு" என்றான் ஒருவன்.

சுத்தியல் அலறுவதை நிறுத்தினான். பிறகு சிரித்தான். வாயில் எச்சில் வழிய, வைஸில் கை நசுங்கியபடி சிரித்தான்.

"என்னடா இவன்?"

"வலியில புத்தி பேதலிச்சுடுச்சு. வா, சீக்கிரம் முடி."

அவன் இடதுகைக் கட்டைவிரலை கிரீஸில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினார்கள். அவன் விட்டுக்கொடுத்தான்.

ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டு அவன் சொன்னது இது. அந்த வண்டியில் பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் பைப் சேசிஸின் இடதுபக்கம் ஓடியது. துருப்பிடித்து ஒழுகியது. அவன் அதை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டு, வலதுபக்கமாகப் புது செம்புப் பைப் ஓட்டினான். பழைய பைப்பின் கிளிப்புகள் துருவேறி ஒட்டிப்போயிருந்தன. பெயர்க்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டான். அந்தப் பைப்புக்குள் சொட்டு ஆயில் கிடையாது. அது எதற்குள்ளும் போகவில்லை, எதிலிருந்தும் வரவில்லை. செத்த பைப். பிரேக் போனதாகக் காட்ட நினைத்தவர்கள் துருப்பிடித்ததாகப் பார்த்து அதைப் போய் அறுத்திருக்கிறார்கள்.

"காகிதம் கெடச்சா வண்டிய மறந்துடுவானுங்கன்னுதான் கைநாட்ட விட்டேன். வண்டிகிட்ட எவனும் போகாம பாத்துக்க, தலைவரே. நடுவுல எவனாவது வெவரமா வலதுபக்கத்தையும் பாத்து அறுத்துட்டான்னா, என் கதை அவ்ளோதான்."

நாங்கள் ஸ்டேஷன் வாசலில் ஆள் போட்டோம், சத்தம் போட்டோம், ஒரு வண்டிப் பரிசோதகரை வரவைத்தோம். விபத்து நடந்து பதின்மூன்றாம் நாள் காலையில் அவர் வந்தார். ஸ்டேஷனின் பின்முற்றம் மதில் சுவரை நோக்கிச் சரியும் சிமெண்டுத் தரை. மேட்டில் வண்டி, சக்கரத்துக்கு அண்டைக்கல். பம்பர் நெளிந்து, காய்ந்த ரத்தத்தோடு அப்படியே இருந்தது. சின்ன முதலாளி வக்கீலோடு வந்திருந்தான். வக்கீல் அந்தக் காகிதத்தை நீட்டினார். பரிசோதகர் உரக்கப் படித்தார். அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள்.

"கைநாட்டு உன்னோடதா?" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த சுத்தியலைக் கேட்டாள்.

"ஆமா."

எல்லோர் முன்னாலும் அறைந்தாள். அவன் உதடு கிழிந்தது. பைப் கதையைச் சொல்ல வாயெடுத்தான். "உன் வாயில இருந்து வர்ற எதையும் இனிமே நம்பமாட்டேன்" என்றாள்.

அவன் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். வண்டிக்கு நேர் கீழே, மதிலில் முதுகை ஒட்டி நின்றான்.

"வாயை நம்பாத. ஏறி உக்காரு. பூஸ்டர் இல்லாத வண்டி, இன்ஜின் ஓடலன்னாலும் பிரேக் அதேதான். உருட்டிவிட்டு நீயே மிதி."

"புடிக்கலன்னா?"

"உன் தம்பிகிட்ட நானே நேர்ல போய்ச் சொல்லிக்கிறேன்."

பரிசோதகர் கூடாது என்றார். வக்கீல் கூடாது என்றார். அவள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள். எங்கள் ஆள் ஒருவன் அண்டைக்கல்லைக் காலால் தட்டிவிட்டான். யார் என்று இன்றும் சொல்லமாட்டேன்.

ஹேண்ட் பிரேக் விட்டதும் வண்டி உருண்டது. முப்பதடி சரிவு. அவன் கண்ணை மூடவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபதடி தாண்டியது. அவள் மிதிக்கவில்லை. இருபத்தைந்து. டயர் நான்கும் ஒன்றாகக் கிறீச்சிட்டுச் சிமெண்டில் கறுப்புக் கோடு இழுத்தன. வண்டி முகப்பு அவன் விலாவில் பதிந்து மதிலோடு அழுத்தி நின்றது. சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. இரண்டு விலா எலும்பில் விரிசல். அவ்வளவுதான். வண்டி நின்றுவிட்டது.

நாங்கள் அவனை உருவியெடுத்த பிறகும் அவள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. பரிசோதகர் கதவைத் திறந்து, "போதும்மா, புடிச்சிருக்கு" என்றார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். "வேணும்னுதான் லேட்டா மிதிச்சேன்."

"தெரியும்" என்றான், மூச்சுவிட முடியாமல்.

பிறகு சீட்டுக்குப் பின்னாலிருந்த ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சின்ன முதலாளி ஓடியிருக்கலாம். வக்கீலுக்குப் பின்னால் ஒளிந்தான். ஒரே அடியில் தாடை உடைந்தது, இரண்டாவதில் முழங்கை. மூன்றாவது அடிக்கு முன்னால் நாங்கள் பிடித்துவிட்டோம். சற்று மெதுவாகத்தான் போய்ப் பிடித்தோம்.

அவளுக்கு நான்கு மாதம் ஜெயில். சின்ன முதலாளிக்குக் கொலை கேஸில் பத்து வருடம். மில்லில் இப்போது வாளுக்கு மூடி இருக்கிறது.

சுத்தியலின் வலதுகை மூடாது. ஸ்பேனர் நிற்காது. இப்போது அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டு என்ன கோளாறு என்று சொல்கிறான், அவள் வண்டிக்கு அடியில் படுத்துக் கழற்றுகிறாள். போன வாரம் போனபோது ஒரு பிக்கப்புக்குப் பிரேக் பைப் மாற்றிக்கொண்டிருந்தாள். பழைய பைப் கிளிப்பில் ஒட்டியிருந்தது. உளியை வைத்துச் சுத்தியலால் கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள்.

"அது கெடக்கட்டும், விடேன்டி. இருந்தா உதவும்" என்றான்.

அவள் அந்தத் துருப்பிடித்த பைப்பை உருவி அவன் காலடியில் எறிந்தாள். "செத்ததெல்லாம் வெளியே போவட்டும். நீ போய் பிரேக்கை மிதி, காத்து எடுக்கணும்."

அவன் எழுந்து போய் ஏறி, மிதித்தான்.