மேனேஜர் சாரின் வீட்டுப் பேச்சு

ஆறாம் வகுப்புக்குப் போகும் என் மகளுக்கு மூன்றாவது மொழியாக இந்தி வேண்டுமா, வேண்டாமா? திங்கட்கிழமைக்குள் பள்ளியில் சொல்லியாக வேண்டும். காலையில் வேண்டும் என்று தோன்றுகிறது. மாலையில் அவளைக் கூட்டிவரப் போகும்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு முறையும் எங்கள் பழைய மேனேஜர் சாரின் முகம் குறுக்கே வந்து நிற்கிறது.

திருமணத்துக்கு முன் எங்கள் ஊர் ஆற்றங்கரை வண்ணார்பேட்டையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தேன். பீகாரிலிருந்து மாற்றலாகி வந்த சாருக்குத் தமிழ் தெரியாது. சிறுவயதில் இந்தித் தேர்வுகள் எழுதித் தேறியவள் என்பதால், வாடிக்கையாளர் சொல்வதை அவருக்கு இந்தியில் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானோ விடைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தவள். டவுணில் எங்கள் டியூஷனில் எல்லோரும் அப்படித்தான் தேறினோம். சான்றிதழ் உண்டு, பேச்சு வராது.

ஒருநாள், காற்றில் வாழை சாய்ந்துபோன ஒரு பெரியவர் பயிர்க் காப்பீடு பற்றிக் கேட்க வந்தார். குலை தள்ளிய வாழை, பிள்ளை மாதிரி வளர்த்தது என்று கண் கலங்கினார். என் இந்தியில் அது "வாழை விழுந்துவிட்டது" என்று மட்டும் ஆனது. சார் தலையாட்டி, "ஓகே" என்றார்.

பெரியவர் கொதித்துவிட்டார். "ஏ தாயி, நான் இம்புட்டு நேரம் அழுதது அவருக்கு ஓகேயா? எங்க ஊரு பேங்குல எங்கஷ்டத்தச் சொல்ல எனக்கு வக்கீலு வேணுமோ?" வரிசையில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு வருசமா நம்ம ஆத்துத் தண்ணியக் குடிக்காரு. 'இரிங்க'ன்னு ஒரு சொல்லு வரல, பாத்தீரா வே!"

அன்று மாலை சார் என்னிடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "இந்தி என் வீட்டுப் பேச்சு இல்லை. என் அம்மா பேசுவது போஜ்புரி. அவள் போனில் அதைப் பேசினால், இந்தி மட்டுமே பேசும் என் மகன் சிரிக்கிறான். அதனால் அவள் இப்போது அதைப் பேசுவதில்லை. உங்கள் பெரியவருக்குக் கோபமாவது வருகிறது. எங்களுக்கு அதுவும் வரவில்லை."

இதைச் சொன்னால் என் கணவர் எரிச்சல்படுகிறார். "புனேயில வேலை பாத்தப்ப இந்தி தெரியாம ரெண்டு வருசம் ஊமை மாதிரி கிடந்தேன். பிள்ளைக்கும் அது வேணுமா? நீ எதுக்கெடுத்தாலும் யோசிச்சிக்கிட்டே இரு." அதுவும் நியாயம்தான். யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள்; தூக்கம் கெடுவது எனக்கு.

பிள்ளைகளுக்கு இந்தி படிக்கவைத்த பெற்றோர்களே, எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அவர்கள் கோபம் வந்தால் வீட்டில் உங்களோடு எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள்?