பத்தாவது ஆள்

தாம்பரத்தில் அந்தப் படத்துக்கு அன்றே கடைசி நாள். பெரிய நடிகர் யாரும் இல்லாத சின்னப் படம். கணவனை இழந்த ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீடு தேடி அலைவதுதான் கதை. பகல் காட்சிக்கு ஒன்பது பேர் நின்றோம். பத்துப் பேர் சேராவிட்டால் படம் கிடையாது என்றார் தியேட்டர்காரர். குப்பைப் படங்களுக்கு விடியற்காலையிலேயே கதவைத் திறப்பவர்கள்! கத்தினேன். பயனில்லை.

எங்களில் ஒருவர் வீட்டு புரோக்கர். ஒல்லி உடம்பு. பேசும்போதெல்லாம் சாவிக்கொத்தை ஆட்டுவார். படத்தை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்தவராம். அவர் போனை எடுத்தார்.

"சார், குரோம்பேட்டை வூட்டுக்கு ஒரு பார்ட்டி ரெடியா கீது. தியேட்டராண்ட வாங்க."

கால் மணி நேரத்தில் ஹவுஸ் ஓனர் ஸ்கூட்டரில் வந்தார். "பார்ட்டி உள்ள கீது சார்" என்று டிக்கெட்டைக் கையில் திணித்து இழுத்துப்போனார் புரோக்கர். படம் ஓடியது.

வெளியே வந்ததும் ஓனர் சீறினார். "யோவ், எங்கய்யா பார்ட்டி?"

"படத்துல ரெண்டு மணி நேரமா பாத்துகினு இருந்தீங்களே சார், அந்தம்மாதான். போன மாசம் அதே மாதிரி ஒருத்தங்கள இட்டாந்தேன். ஆம்பள இல்லாத குடும்பத்துக்குத் தர மாட்டேன்னீங்க. அவங்களுக்கு இன்னும் வூடு கெடைக்கல."

"இனிமே எனக்கு போன் பண்ணாத" என்று ஓனர் கிளம்பிவிட்டார்.

"ஒரு ஓனர் போயிட்டாரே அண்ணா?" என்றேன்.

"ஓனருங்க நெறைய கீறாங்க. படத்த இன்னிக்கோட தூக்கறானே!"

மறுபடியும் ஆள் சேர்க்க அடுத்த ஓனரின் நம்பரைத் தேட ஆரம்பித்தார். மாலைக் காட்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் நிற்காமல் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டேன். தியேட்டர்காரரிடம் கத்திய நானே அந்தக் காட்சிக்கு ஓர் ஆளாக நிற்கவில்லையே என்ற கோபம் மட்டும் இன்னும் என்மேலேயே இருக்கிறது.