அக்காவின் இடது பக்கம்

எங்கள் அக்காவுக்கு இடது கைப் பழக்கம். மாங்காய்க்குக் கல்லெறிந்தால் குறி தப்பாது. கோலம் போட்டால் ஓர் இழை பிசகாது. அவளைப் போல உலகத்தில் வேறொருத்தி கிடையாது என்பது என் முடிவு. அப்பாவின் முடிவு வேறு. வாசலில் இடது கையால் கோலம் போடுவது வீட்டுக்கு ஆகாதாம். அவள் பொடியை எடுத்தாலே, "ஏட்டி, சோத்தாங்கை!" என்று உள்ளேயிருந்து அதட்டுவார். சில நாள் புறங்கையில் அடியும் விழும். மற்றபடி தங்கமான மனிதர். வலது கைக்கு மாறிய கோலம் நனைந்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கும்.

பாளையங்கோட்டையில் மனோதத்துவம் படித்துக்கொண்டிருந்த சித்தி, ஒரு லீவுக்கு வந்தபோது சொற்கள் எழுதிய சீட்டுகளோடு வந்தாள். பிடித்த சொல்லை ஒரு பக்கமும் பிடிக்காததை மறுபக்கமும் யோசிக்காமல் வைக்க வேண்டும். எது எந்தப் பக்கம் என்பது நம் இஷ்டம். நான் சிரிப்பையும் திருவிழாவையும் வலப்பக்கம் வைத்து, காய்ச்சலையும் அடியையும் இடப்பக்கம் தள்ளினேன். அக்கா எல்லாவற்றையும் நேர்மாறாக வைத்தாள்.

"பாத்தீங்களா அத்தான்? எந்தக் கை வாகோ, அனேகமா அந்தப் பக்கந்தான் மனசுக்கு நல்லதாத் தோணும். நீங்க கையத்தான் மாத்துனீங்க, மனசு அங்கனயேதான் கெடக்கு" என்றாள் சித்தி.

"எல்லாம் போகப் போகச் சரியாயிரும்" என்றார் அப்பா, பேப்பரைத் தாழ்த்தி.

கடைசிச் சீட்டில் 'அப்பா' என்றிருந்தது. நான் சட்டென்று வலப்பக்கம் வைத்தேன். அக்கா தன் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் வலப்பக்கம் வைத்தாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏ, இதுல மட்டும் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணு!" என்று கைதட்டினேன். சித்தி அவசரமாகச் சீட்டுகளை அள்ளினாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் அக்கா வலது கையில் பொடியை எடுத்தபோது அப்பா நடையில் வந்து நின்றார். "ஒனக்கு எந்தக் கை வருதோ அதுல போடும்மா" என்றார். எவ்வளவு அழகான கோலம் அது! அதை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கிப் பால் வாங்கப் போனார். அவரையும் எனக்கு அன்று ரொம்பப் பிடித்தது.

நான் கைதட்டியதில் மனம் குளிர்ந்துதான் இறங்கி வந்தார் என்று வெகுநாள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அக்கா அவரைக் காய்ச்சலுக்கும் அடிக்கும் பக்கத்தில் வைத்திருந்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது.