கைகாட்டி மாடியும் நான் திரும்பிப் போகாத ஊரும்

பாச்சை உருண்டை நெடியும், மழையில் நனைந்த ஆட்டின் மேல் அடிப்பது போன்ற ஒரு கம்பளி வாடையும் சேர்ந்து, பஃபலோ ரோட்டில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டின் மாடி அறையை அந்த வாரம் முழுக்க நிறைத்திருந்தன. கீழே மளிகைக் கடையிலிருந்து எந்நேரமும் ஏறிவரும் மிளகாய், மல்லி வாசத்தைக்கூட அது அமுக்கிவிட்டது. காரணம், அறைக்குள் குறுக்கே கட்டிய கொடியில் ஓர் ஆள் நிற்பது போலத் தொங்கிக்கொண்டிருந்த, கணுக்கால்வரை நீளும் சாம்பல் நிறக் கோட்டு. வெள்ளைக்காரப் படை ஊரைக் காலி செய்து போனபோது அதிகாரிகளின் மனைவிமார் விட்டுச்சென்ற துணிமணிகள் சுங்கை ரோட்டுத் "திருட்டுச் சந்தை"யில் பல வருடம் கைமாறிக்கொண்டிருந்தன. அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது அது. என் அம்மாவின் தங்கை அமலா சித்தி, ஆஸ்பத்திரித் தாதி வேலைக்காக இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊருக்குப் போகவிருந்தார். எழுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயது.

பிள்ளைகள் வளர்ந்து, கொஞ்சம் ஊர் சுற்றவும் நேரம் கிடைத்துவிட்ட எங்கள் வயதுக்காரர்கள் கூடும் இடத்தில் இப்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது: போய்வந்த ஊர்களில் எந்த ஊருக்குத் திரும்பவும் போக ஆசை? ஒருவர் கியோட்டோ என்பார், இன்னொருவர் பாரிஸ் என்பார். நானும் என் பங்குக்கு இஸ்தான்புல்லின் படகுத்துறையைச் சொல்வேன், பினாங்கின் காலை நேரக் கடைத்தெருவைச் சொல்வேன், மதுரையில் நானும் கணவரும் வழிதவறிப் போய் உட்கார்ந்த ஒரு பருத்திப்பால் கடையைச் சொல்வேன். இந்த ஊர்களுக்கெல்லாம் இரண்டு முறை, மூன்று முறை போயிருக்கிறேன். புது ஊரைவிடப் போன ஊருக்கே மறுபடி போவதில்தான் எனக்குப் பிரியம். ஆனால் லீட்ஸ் என்று மட்டும் வாய் திறந்து சொன்னதில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்; அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது என்பதுதான் தொல்லை.

திரும்பப் போகும் இந்தப் பழக்கத்தை எனக்குள் போட்டதும் சித்திதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வரும் வழியில், சிராங்கூன் ரோட்டில் ஒரு பயண முகவர் கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிடுவார். உள்ளே கம்பியில் நிற்கும் பொம்மை விமானம், சுற்றிலும் வெயிலில் நீலம் பாய்ந்துபோன ஊர்ப் படங்கள். கையில் கச்சாங் பூத்தே பொட்டலம். வறுத்த கடலையை ஆளுக்கொன்றாகத் தின்றுகொண்டே எந்தெந்த ஊருக்குப் போவது என்று பிரித்துக்கொள்வோம். எல்லா ஊருக்கும் இரண்டு தடவை போகவேண்டும் என்பது சித்தியின் கண்டிப்பான சட்டம். ஏன் என்று கேட்டேன். "மொதல் தடவ நாம ஊரப் பாக்கப் போறோம் குட்டி. ரெண்டாவது தடவ போனாத்தான் ஊரு நம்மளப் பாக்கும்" என்றார். அப்போது புரியவில்லை, புரிந்ததுபோலக் கடலையை மென்றேன்.

ஒருவர் வெளிநாடு போவது அந்த நாளில் ஒரு குடும்பத்தின் காரியமல்ல. "வழியனுப்பு" என்றால் தெருவே கிளம்பும். பாயா லேபார் விமான நிலையத்துக்கு நாங்கள் வாடகை லாரியில் போனோம்; பெரியப்பா குடும்பம், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, கோயிலில் எங்களோடு பாடும் இரண்டு அக்காமார், ஒரு குடை, ஒரு தூக்குச்சட்டி நிறைய எலுமிச்சைச் சாதம். பயணிகள் உள்ளே போனபின் அவர்கள் வெயிலில் இறங்கி, தரையில் நடந்தே விமானத்தில் ஏறுவார்கள். உறவுக்காரர்கள் மேலே ஒரு திறந்த மாடியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கையாட்டலாம். எங்கள் வீட்டில் அதற்குக் "கைகாட்டி மாடி" என்று பெயர். அந்தக் கடைசிக் கையாட்டல்தான் வழியனுப்பின் உச்சம். அதுவரை அடக்கிவைத்த அழுகை அங்கேதான் வரவேண்டும் என்று எழுதாத விதி.

மாடியிலிருந்து பார்த்தால் கீழே நடப்பவர்கள் விரல் நீளம்தான் தெரிவார்கள். ஆகவே போகிறவர்கள் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துவது வழக்கம். அம்மா தேக்காவில் நாலைந்து கடை ஏறி இறங்கி, மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை வாங்கிவந்தார். "மூணு மைலுக்கு அந்தாண்ட நின்னாலும் தெரியும்" என்றார். துறைமுகத்தில் கணக்கெழுதும் "கிராணி"யாக இருந்த அப்பா, அதைக் கட்டிக்கொண்டு போனால் விமானம் இறங்க விளக்கே தேவையில்லை என்று கேலி செய்தார். கோட்டு பெட்டிக்குள் போனது. அதன்மேல் ஊறுகாய், அப்பளம், மாதா சொரூபம். சித்தி பெட்டியின் மேல் உட்கார்ந்து பூட்டினார்.

விமான நிலைய மண்டபத்தில் செபம் சொல்லி, மாலை போட்டு, சித்தியின் கன்னத்தை எல்லோரும் எச்சில் செய்து முடித்தவுடன் மாடிக்கு ஓடினோம். கம்பியோரம் இடம் பிடிப்பது பெரிய பாடு. என் கண் கூர்மை என்பதால் அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். சித்தியைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. கீழே இரண்டு விமானங்கள் நின்றன. ஒன்று மெட்ராசுக்கு, ஒன்று லண்டனுக்கு. எது எது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

மத்தியான வெயிலில் ஆட்கள் வரிசையாக நடந்தார்கள். தூரத்து விமானத்தை நோக்கி ஒரு மஞ்சள் புள்ளி போவதைக் கண்டதும் நான் கத்தினேன்: "அதோ, சித்தி!" எல்லாக் கைகளும் மேலே போயின. அம்மா கைக்குட்டையை வீசினார், பெரியப்பா குடையை விரித்து ஆட்டினார், அக்காமார் பாட்டெடுத்தார்கள். மஞ்சள் புள்ளி நின்று, திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டியது. அம்மா தேம்பித் தேம்பி அழுதார். அப்பாவின் தோள் குலுங்கியது எனக்குக் காலுக்கடியில் தெரிந்தது.

அந்த நேரத்தில், எங்களுக்குக் கிட்டே நின்ற விமானத்தின் படிக்கட்டில் சாம்பல் நிறக் கம்பளியைக் கழுத்துவரை மூடிக்கொண்டு, தலையில் துணி சுற்றிய ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். பாதிப் படியில் நின்று எங்கள் பக்கம் பார்த்தார். கையைத் தூக்கினார். நான் விரலை நீட்டிச் சொன்னேன்: "அந்த வெள்ளக்காரியப் பாருங்க, இந்த வெயில்ல கம்பளியப் போத்திக்கிட்டுப் போறா." அழுதுகொண்டிருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம். பிறகு மறுபடி மஞ்சளுக்குக் கையாட்டப் போய்விட்டோம்.

அன்று நடந்தது அவ்வளவுதான். சித்தி எப்படி நின்று திரும்பி இரண்டு கையாலும் விடைபெற்றார் என்று அம்மா தன் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தியின் கடிதங்களில் அந்த மாடியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

எண்பதுகளின் இறுதியில் நான் படிக்க இங்கிலாந்து போனேன். முதல் கிறிஸ்துமஸுக்கு லீட்ஸ் போனபோது ஊரைப் பார்த்தேன்: செங்கல் வீடுகள், மூன்றரை மணிக்கே மங்கும் வானம், சித்தி வேலை முடிந்து வரும் பேருந்து. ஈஸ்டருக்கு மறுபடி போனேன். சித்தி அடுப்பில் மீன் குழம்பு வைத்திருந்தார். கதவுக்குப் பின்னால் அந்தச் சாம்பல் கோட்டு தொங்கியது, முழங்கையில் ஒட்டுப்போட்டு. அதைத் தொட்டுப் பார்த்து, இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

சித்தி சிரித்தார். நாங்கள் மாடிக்கு ஓடியபின், பெட்டி கனமாக இருக்கிறது, எதையாவது எடு என்று விமான நிலையத்துக்காரன் சொல்லிவிட்டானாம். ஊறுகாயை விட மனமில்லை, மாதாவை விட முடியாது. ஆகவே கோட்டை எடுத்துச் சேலைமேல் மாட்டிக்கொண்டாராம். வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டையும் சுற்றிக்கொண்டாராம், வேர்த்துக் கொட்டியதாம். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"குட்டி, அன்னிக்கு அந்தக் கோட்டுல என்ன அடையாளம் தெரிஞ்சுதா உங்களுக்கு?"

எனக்கு அந்த வினாடியில்தான் எல்லாம் விளங்கியது. சித்தி தொடர்ந்தார்: "நீ தோள்மேல ஒக்காந்து என்னக் கையக் காட்டுன. எல்லாரும் சிரிச்சீங்க. அப்பறம் எல்லாக் கையும் ஆடிச்சு. ஆனா வேற பக்கமாப் பாத்த மாதிரி இருந்துச்சு."

பத்தொன்பது வயதில் எனக்குத் தெரிந்த இரக்கம் ஒன்றுதான். "தெரியாம என்ன சித்தி? கோட்டப் பாத்துத்தான் சிரிச்சோம்" என்றேன்.

"அதான் நானும் நெனச்சேன்" என்று அடுப்பை அணைத்தார். ஊர் என்னைப் பார்த்துவிட்டது என்று அன்று தோன்றியது. அதன்பிறகு நான் லீட்ஸ் போகவில்லை. லண்டனுக்குப் பல தடவை போயிருக்கிறேன். அங்கிருந்து ரயிலேறினால் போய்விடலாம். ஒவ்வொரு முறையும் நேரமில்லை என்று தொலைபேசியில் சொல்வேன். பரவால்ல குட்டி, அடுத்த தடவ வா என்பார் சித்தி. ஒரே ஒரு முறை அவர் இங்கே வந்தார், அம்மாவின் அடக்கத்துக்கு. துக்க வீட்டில் ஆட்கள் சூழ இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

சென்ற மாதம் என் மகள் மேற்படிப்புக்காக லீட்ஸ் போனாள். அவளாகத் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகம். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. சாங்கி விமான நிலையத்தில் அவள் கண்ணாடிக்கு அப்பால் போனபின் அரைமணி நேரம் அவள் முதுகுப்பையின் மீதே கண்ணை வைத்திருந்தேன். ஒரு முறைகூட இமைக்கவில்லை என்று கணவர் சொன்னார். அவர் சிரிக்கத்தான் நினைத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பெற்ற பிள்ளையைத் தூரதேசம் அனுப்பும் எந்தத் தாய்க்கும் வரும் பயம்தான். ஆனால் எனக்கு அதனடியில் இன்னொன்றும் இருந்தது.

மறுநாள் மகள் அழைத்தாள். லீட்ஸ் ரயில் நிலையத்துக்குச் சித்தியே வந்துவிட்டாராம், கைத்தடியோடு.

"அம்மா, நான் பெரிய ஜாக்கெட் போட்டு, ஹூட் எல்லாம் போட்டுட்டு இருந்தேன். மூஞ்சியே தெரியாது லா. ஆனா சின்னப் பாட்டி தூரத்துலயே கண்டுபிடிச்சிட்டாங்க. ஸ்டேஷன்ல எல்லாரும் திரும்பிப் பாக்குற மாதிரி கையாட்டுனாங்க."

எப்படிக் கண்டுபிடித்தாராம் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அதையேதான் நானும் கேட்டேன். உங்க அம்மா எட்டு வயசுல என்னக் கோட்டுக்குள்ள கண்டுபிடிச்சா, நான் உன்னக் கண்டுபிடிக்க மாட்டனான்னு கேக்குறாங்க. அங்க இருக்குற எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும் போலம்மா. அவங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டிகூடச் சொன்னாங்க."

அந்த அழைப்பிலிருந்து இன்னும் நான் முழுதாக வெளியே வரவில்லை. ஒரு சமையலறையில் அவசரத்துக்கு நான் சொன்ன பொய்யை, அந்த மனுஷி இத்தனை வருடக் குளிரில் போர்த்திக்கொண்டிருந்திருக்கிறார். இனி உண்மையைச் சொன்னால் அதை உருவுவதாகும். சொல்லாமல் அவர் முன்னால் போய் நின்றால், கண்டுபிடித்தவள் என்ற பெயரோடு நிற்கவேண்டும். இரண்டில் எது சரி என்று இரவும் பகலும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பஃபலோ ரோட்டுக் கடைவீடு இல்லை. திருட்டுச் சந்தையை மூடி வேலி போட்டுவிட்டார்கள். பாயா லேபாரில் இப்போது படை விமானங்கள்தான். நம்மை உள்ளே விடமாட்டார்கள். கைகாட்டி மாடி இருந்த இடத்தைப் போய்ப் பார்க்கக்கூட வழியில்லை. சாங்கியில் பயணிகள் குழாய் போன்ற ஒரு பாதை வழியே நேராக விமானத்துக்குள் போய்விடுகிறார்கள், வெயிலில் நடந்து, படியில் நின்று திரும்பிப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை. அன்று சித்திக்குச் சேரவேண்டிய கையாட்டலை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்டால், இனி ஓர் ஊர்தான் மிச்சம்.

ஈஸ்டருக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன். சித்தி நிலையத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏப்ரலில்கூட அங்கே எல்லோரும் கோட்டில்தான் இருப்பார்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறத்தில். என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாது. முகத்தைப் பார்த்த பிறகுதான் கையைத் தூக்கவேண்டும். அது மட்டும் தெரியும்.