சிவப்புத் தடிகள்

இராசேந்திரத்தின் காணிக்கு வேலியும் இல்லை, படலையும் இல்லை. கடற்கரையிலிருந்து அடம்பன் ஊர் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற சனமெல்லாம் ஒருகாலத்தில் அதற்குள்ளால்தான் நடந்தது. போகிற எவரையும் மனுசன் சும்மா விட்டதில்லை. மீன் எப்படி, மகளுக்குப் பிள்ளை பிறந்ததா என்று நாலு கதை கேட்காவிட்டால் அவருக்குச் சோறு செமிக்காது.

பிறகு சண்டை வந்தது. வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவரின் பாதி ஆயுள் அகதி முகாமில் கழிந்தது. மனைவி மெற்றில்டாவை அங்கேதான் அடக்கம் செய்தார். பிள்ளைகள் வர மறுக்க, ஒற்றை ஆளாகத் திரும்பினார். காணியில் மிதிவெடி எடுத்து முடித்திருந்தார்கள். ஆனாலும் சனம் பயத்தில் ரோட்டால் சுற்றிப் போனது. கடகப் பெட்டியில் மீன் சுமந்து விற்கிற எடித் மட்டுந்தான் துணிந்து குறுக்கே நடந்தாள். நாள் முழுவதிலும் அவர் பேசியது அவளோடு பேசிய அந்த நாலு சொல்தான்.

அப்போதுதான் லக்சிகா வந்தாள். கொழும்பில் சித்திரம் படித்தவள். சனம் தங்கள் நிலத்தில் எதைப் பெரிதாக நினைக்கிறது என்று நிலத்திலேயே காட்டவேண்டுமாம். ஊர்ச் சனத்துக்குத் தடிகளையும் பெயின்ற் பேணிகளையும் கொடுத்தாள்.

"உங்களுக்கு ஆக விருப்பமான இடத்திலை நடுங்கோ ஐயா. நிறம் உங்கட விருப்பம்."

மற்றவர்கள் கிணற்றடியிலும் வயல் வரம்பிலும் நட்டார்கள். இராசேந்திரம் முன்பு சனம் நடந்த அந்த ஒற்றையடிப் பாதையின் இரு கரையிலும் நட்டார். மெற்றில்டாவுக்குப் பிடித்த சிவப்பைத் தடிகளின் தலையில் பூசினார். வெள்ளை மணலில் அது அழகாகத்தான் இருந்தது. லக்சிகா படமெடுத்துக்கொண்டு சந்தோசமாகப் போனாள்.

மறுநாள் எடித் எல்லையிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணை! இன்னும் வெடி கிடக்கோ?"

"ஐயோ பிள்ளை, இது சித்திரம். வா!"

அவள் வரவில்லை. சிவப்புத் தலைத் தடி என்றால் மிதிவெடி என்பது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஊர் திரும்பிய அன்று இவருக்கும் படம் காட்டித்தான் சொன்னார்கள். மனுசன் அதைக் கவனிக்காமல் தன் மூட்டை முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

கோபத்தில் அத்தனையையும் பிடுங்கி எறிந்தார். அது அடுத்த மடைத்தனம்.

"தடி நிண்டாலாவது எங்கை எண்டு தெரியும். இப்ப அதுவும் போச்சு," என்று ரோட்டில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள் எடித்.

பாதையில் புல் ஏறியது. இராசேந்திரத்துக்கு முகாமில்கூட இப்படி நெஞ்சு வெறுமையாக இருந்ததில்லை. எடித் ரோட்டில் வருகிற நேரம் பார்த்து, அவள் கண்ணில் படும்படி பாதையில் தானே நடக்கத் தொடங்கினார். மழையிலும் நடந்தார், காய்ச்சலோடும் நடந்தார்.

மழை விட்ட ஒரு காலையில் பின்னால் மீன் வாடை வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். ஈர மணலில் அவர் காலடி பதிந்த இடத்திலேயே தன் காலை வைத்து வைத்து எடித் வந்துகொண்டிருந்தாள். கேட்கச் சேர்த்துவைத்த கதையெல்லாம் தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தார்.

"கதையாதேங்கோ அண்ணை," என்றாள் எடித், அவர் காலடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "திரும்பாமல் நடவுங்கோ."

அவர் வாயை மூடிக்கொண்டு நடந்தார்.