லியோன் அண்ணன் கட்டிப்போட்ட படகு

செவ்வாய்க்கிழமை காலை, என் ஐஸ் கம்பெனியில் முதல் வண்டிக்குப் பாளம் ஏற்றிக்கொண்டிருந்தபோது லியோன் அண்ணனின் தம்பி போன் செய்தார். "அண்ணன் போயிட்டாவ பிளாரா" என்றார். குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் துறைமுகச் சாலையில் ஊர்க் கமிட்டியின் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் எழும்பிவிட்டது. 'எங்கள் வழிகாட்டியே' என்று எழுதி, கமிட்டித் தலைவரின் படத்தை இறந்தவரின் படத்தைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அண்ணனை அறியாதவர்கள் அதைப் பார்த்து எதையாவது நம்பிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அறிந்தவர்களுக்கும் ஞாபகம் கொஞ்சம் மங்கல் என்று தெரிகிறது.

லியோன் அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு நாட்டுப்படகு இருந்தது. படகுக்கு ஐஸ் வாங்க என்னிடம் வருவார். எதையும் லேசில் மதிக்கமாட்டார். என் ஐஸைக்கூட "தண்ணிய விக்கா, அதுக்கும் வெறப்பு" என்பார். அவருடைய ஒரே மகள் மெர்லின் பள்ளிக்கூடத்தில் டென்னிஸ் ஆடத் தொடங்கியபோது ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நடுவுல வலையக் கட்டிக்கிட்டு அதுல ஒண்ணும் படக்கூடாதுங்கானுவ. இது வெளங்குமா ஏளா?" என்று என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு, மறுநாளே அவளுக்கு நல்ல மட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. கர்த்தருடைய நாளில் தொழில் கூடாது. ஒரு வீட்டில் எவர் மீறினாலும் அந்த வீட்டுப் படகை ஒரு மாதம் கட்டிப்போட வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. கமிட்டியில் அதை ஈவிரக்கமில்லாமல் காத்தவர் லியோன் அண்ணன்தான். சிலுவை என்பவர் அறுந்துபோன தன் வலையைத் தேடி ஒரு ஞாயிறு கடலில் இறங்கினார். மீன் பிடிக்கவில்லை, வலையைத்தான் தேடினார். அதற்கும் ஒரு மாதம் கட்ட வைத்தார் அண்ணன். "இது அநியாயம்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "எனக்கும் ஒரு நா வரும். அன்னைக்கும் இதத்தான் சொல்லுவேன்" என்றார். பெருமைக்குப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

போன வருடம் வடக்கே ஒரு பெரிய நகரத்தில், பரிசுப் பணம் கொடுக்கிற தொழில்முறைப் போட்டியில் மெர்லின் ஆடப் போனாள். தகுதிச் சுற்றில் தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்தவள். முதல் ஆட்டத்தை என் ஆபீஸ் அறையில் போனைப் பாத்திரத்தில் சாய்த்துவைத்து நானும் அண்ணனும் மட்டும்தான் பார்த்தோம். ஜெயித்தாள். "எதிர்ல நின்ன பிள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ" என்றார். இரண்டாவது ஆட்டத்திலும் ஜெயித்தாள். அன்று அவருடைய எரிச்சல் புள்ளிக் கணக்கின் மேல் திரும்பியது. "பதினஞ்சு, முப்பது, அப்புறம் நாப்பதா? எந்த எடையில நிறுக்கானுவ?" என்றார். ஆனால் காலிறுதியன்று ஐஸ் எடுக்க மறந்து, கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

காலிறுதிக்குப் பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டது. அதுவரை 'பொம்பளப் பிள்ளய அரைப்பாவாடையோட ஆட விட்டிருக்கான்' என்று பேசிய வாய்களெல்லாம் 'நம்ம பிள்ள' என்றன. அரையிறுதியில் அவள் ஜெயித்த அன்று சாயங்காலமே கமிட்டித் தலைவர் பிளெக்ஸ் வைத்தார். அதில் மெர்லின் கையில் இருந்தது பூப்பந்து மட்டை. யாருக்கும் அது உறுத்தவில்லை.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அது ஒருவருக்கு உறைக்க, சனிக்கிழமை இரவு அவசரக் கூட்டம் போட்டார்கள். பரிசுப் பணம் வாங்குகிறாள், எனவே அது தொழில், ஞாயிறு ஆடினால் கட்டுப்பாட்டை மீறியதாகும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். "சிலுவைக்கு ஒரு நியாயம், ஒம்ம மவளுக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டார் தலைவர். சிலுவை அந்தப் பக்கமே வரவில்லை. வராதவருக்காக இத்தனை பேர் துடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு தலைவர் குரலைத் தாழ்த்தி வழியும் சொன்னார். ஜெயித்ததும் மைக்கில் ஊர்க் கமிட்டிக்கும் தலைவருக்கும் அவள் நன்றி சொல்ல வேண்டும். ஊருக்கு வந்ததும் அவர் கையால் சால்வை வாங்க வேண்டும். அப்படியென்றால் இதை வெறும் விளையாட்டு என்று எழுதி முடித்துவிடலாம்.

லியோன் அண்ணன் எழுந்தார். "தொழிலா வெளையாட்டான்னு ஒம்ம சால்வயா வே முடிவு பண்ணுது? அவ துட்டு வாங்குதால்ல, அப்ப தொழில்தான். படகக் கட்டிட்டுத்தான் இங்க வந்துருக்கேன். போயி அங்கன பாத்துக்கிடும்" என்றார்.

வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னார். "மெர்லினுக்கு இது தெரியக் கூடாது ஏளா. தெரிஞ்சா நாளைக்குக் கை நடுங்கும்."

ஞாயிறு பூசை முடிந்து வந்து ஆட்டத்தைப் பார்த்தோம். முதல் செட்டைப் பறிகொடுத்தாள். இரண்டாவதை இழுத்துப் பிடித்தாள். மூன்றாவதில் அண்ணன் திரையைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டாள். நான் கத்தினேன். அவர் அப்போதுதான் போனைக் கையில் எடுத்தார். "தோத்த பிள்ள அழுவுது. அதப் போயி படம் புடிக்கானுவ பாரு, வெக்கங்கெட்ட பயலுவ" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

திங்கட்கிழமை அதே கமிட்டி வெடி வெடித்தது. சனிக்கிழமை குற்றமாக இருந்தது இரண்டே நாளில் ஊரின் பெருமையாகிவிட்டது. ஆனால் படகை அவிழ்க்கலாம் என்று ஒருவர் வாய் திறக்கவில்லை. மெர்லின் வந்தபோது மேடை போட்டுச் சால்வையும் போர்த்தினார்கள். அண்ணன் போகவில்லை. கூட வேலை செய்தவர்களை வேறு படகுகளுக்கு அனுப்பிவிட்டு, நல்ல மீன் பாடு இருந்த அந்த மாதம் முழுவதும் வீட்டு வாசலில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். மகள் கேட்டதற்கு எஞ்சின் வேலை என்று சொல்லிவிட்டார். ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் விட்டிருப்பார்கள். கெஞ்சும் அளவுக்கு அவர்களை அவர் மதிக்கவில்லை.

புதன்கிழமை அடக்கம். சென்னை வழியாக மெர்லின் வந்து சேர்ந்தாள். கல்லறைத் தோட்டத்தில் தலைவர் மைக்கைப் பிடித்து, அண்ணனோடு தனக்கிருந்த நட்பை விவரித்தார். அப்படி ஒன்று இருந்தது அண்ணனுக்கே தெரியாது. எல்லாம் முடிந்து கடற்கரை வழியாகத் திரும்பும்போது மெர்லின் நின்றுவிட்டாள். வேலை நாளில் ஒரு படகுகூடக் கடலுக்குப் போகாமல் எல்லாம் கரை நெடுகக் கட்டிக் கிடந்தன.

"அப்பாக்காகவா அத்த?" என்றாள்.

"சாவு விழுந்தா அடக்கம் முடியுத மட்டும் யாரும் போவமாட்டாவ. ஊர் வழக்கம். பாசம்னு நெனச்சிராத" என்றேன். பிறகு, ஒரு வருடமாக வாயை மூடி வைத்திருந்தது போதும் என்று தோன்றியது. அந்த ஒரு மாதத்துக் கதையைச் சொன்னேன்.

"எஞ்சின்னுதான அத்த சொன்னாவ" என்றாள். அதையே திரும்பவும் சொன்னாள். அப்புறம் மணலில் உட்கார்ந்து, மேடையில் ஒருமுறைகூட அழாத பிள்ளை, வாய்விட்டு அழுதாள்.

அண்ணே, நீங்கள் சொல்லக் கூடாது என்றதை நான் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒரு படகைக் கட்ட வைத்தவர்கள், தங்கள் படகையெல்லாம் கட்டிப்போட்டுவிட்டு உங்களுக்காக வெயிலில் நின்றார்கள். அதில் ஒருவருக்கும் இஷ்டமில்லை. இப்படி எதையாவது பார்த்தால் உங்கள் முகத்தில் வரும் அந்தக் கோணல் சிரிப்பைப் பெட்டியை மூடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை. போய் வாருங்கள்.